கரும்பலகையும் கறுப்புப் பலகையும்

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. போன வாரம் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ‘கிரீன்ஹவுஸ்’ வந்தது. பின்பாதியை அழுத்திச் சொல்லிவிட்டு, “பச்சை பெயின்ட் அடிச்ச வீடா சித்தி?” என்று கேட்டாள்.

அவள் சொன்ன விதத்துக்கு அதுதான் பொருள். ‘கிரீன்’ ஓங்கி ‘ஹவுஸ்’ தணிந்தால் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில். ‘ஹவுஸ்’ ஓங்கினால் பச்சை வீடு. ‘பிளாக்போர்ட்’டும் இப்படித்தான். தமிழில் கரும்பலகை, கறுப்புப் பலகை என்று சொல்லின் உருவத்தையே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரல் செய்கிறது.

இது நமக்கு அந்நியமும் அல்ல. எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் இரண்டாகும் தொடர்களை இசையால் பிரித்தறிய வேண்டும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே சொல்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்தொடி’யைச் சொல்லிப் பாருங்கள். ‘செம்பொன்’ என்று நிறுத்தினால் பொன், பத்துத் தொடி எடை. ‘செம்பு’ என்று பிரித்தால் செம்பு, ஒன்பது தொடி. பொன் செம்பாகிவிடுகிறது!

ஆங்கிலக் கூட்டுச்சொல்லை அசை பிரிக்கும்போதும் இந்த ஒட்டுவாய்தான் முக்கியம். இரவுக் கட்டணத்தைக் குறிக்கும் ‘நைட் ரேட்’டில் ‘ட்’ முதல் சொல்லோடு நின்றுவிடும். உரத்தில் இருக்கும் ‘நைட்ரேட்’டில் அதே ‘ட்’ அடுத்த அசைக்குத் தாவி ‘ர’வோடு கலந்து, கிட்டத்தட்ட ‘ச்ர’ போலக் கேட்கும். ஒலிகளின் வரிசை ஒன்றுதான். வெட்டும் இடம் வேறு. புழங்கிப் புழங்கி ஒட்டுவாயே தேய்ந்துபோன சொற்களும் உண்டு. ‘கப்’பும் ‘போர்ட்’டும் சேர்ந்த சொல்லை ஆங்கிலேயர் ‘கபர்ட்’ என்கிறார்கள்; ‘ப்’ ஒன்று காணாமல் போய்விட்டது.

முன்பாதியை அழுத்தினால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்துவதுதான் எனக்கு வருத்தம். அந்த விதி பெரும்பாலும் சரி, எப்போதும் சரியல்ல. நியூயார்க்கில் ‘ஃபிஃப்த் ஸ்ட்ரீட்’ என்றால் அழுத்தம் ‘ஃபிஃப்த்’ மேல். ‘ஃபிஃப்த் அவென்யூ’ என்றால் ‘அவென்யூ’ மேல். ‘ஆப்பிள் கேக்’கில் ஆப்பிள் ஓங்கும், ‘ஆப்பிள் பை’யில் பலரும் ‘பை’யைத்தான் அழுத்துவார்கள். அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேற்புறம் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘கிரீன்ஹவுஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி அக்கா மகளிடம் சொன்னேன். மூன்றாம் முறை ‘ஹவுஸ்’ தானாகத் தணிந்தது. “இப்ப கண்ணாடி வீடு” என்றாள்.