மண்கல்லும் பழைய மரமும்: கொக்கிளாய் காட்டும் வழி

ஊருக்கு ஒரு பொதுக் கட்டடம் என்றால் சீமெந்துக் கல், ஆற்று மணல், புது மரம் என்றே வன்னியில் கணக்குப் போடுகிறோம். முல்லைத்தீவு மாவட்டக் கரையோரத்தின் தெற்கில் உள்ள கொக்கிளாயில் வேறு வழியில் ஒரு சமூக நிலையம் எழுந்தது. கட்டடக் கலைஞர் குழு ஒன்று வடிவமைத்த அந்த நிலையத்தில் மண்கல்லும், ஏற்கனவே பாவித்த மரமும் முக்கிய பொருள்கள்.

ஏன் இது தேவை?

1984இல் இடம்பெயர்ந்த கொக்கிளாய்த் தமிழ்க் குடும்பங்கள் போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பின. வன்னி முழுவதும் வீடு, பள்ளிக்கூடம், வீதி எல்லாம் ஒரே காலத்தில் கட்டவேண்டி வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டம் மட்டும் 2012இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 46,000 வீடுகளுக்கு உதவியது. இத்தனைக்கும் வேண்டிய மணலும் மரமும் பெரும்பாலும் ஆற்றிலிருந்தும் காட்டிலிருந்தும் வரவேண்டியிருந்தது. ஆற்றில் அளவுக்கு மீறி மணல் அள்ளினால் கரை இடியும், கிணற்று நீர் இறங்கும். கொக்கிளாய்க் களப்போ 1951முதல் பறவைகள் சரணாலயம். இப்படியான இடத்தில் கட்டுபவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு.

மண்கல் எப்படி உருவாகிறது?

மேல்மண்ணில் வேரும் உக்கலும் இருப்பதால் அதை நீக்கி, அடிமண்ணை எடுத்து அரிக்கவேண்டும். அதனுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சீமெந்து சேர்த்து, ஈரப்பதமாகக் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்துவார்கள். பிறகு நிழலில் அடுக்கி ஈரம் காயாமல் காக்கவேண்டும். சூளை இல்லை, எரிக்க விறகும் வேண்டாம். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் உள்ள ஆரோவில்லில் இந்த முறையில் கட்டிய பல கட்டடங்கள் பல ஆண்டுகளாகப் பாவனையில் உள்ளன.

எல்லா மண்ணும் இதற்கு உதவாது. ஒரு போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் படியும், களி கடைசியில் மேலே படியும். களி மிகுந்தால் கல் வெடிக்கும், குறைந்தால் உதிரும். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கடற்கரை மணலைப் பாவிக்கவும் கூடாது: அதில் உள்ள உப்பு கொங்கிறீற்றுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பழைய பொருளை எப்படித் தெரிவுசெய்வது?

பழைய கதவு, நிலை, யன்னல், தீராந்தி, ஓடு யாவும் மீண்டும் பயன்படும். மரத்தை ஆணியால் குத்திப் பார்த்து, உக்கலும் கறையானும் இல்லாததையே எடுக்கவேண்டும். உடைந்த கல் தள நிரப்புக்கு ஆகும். பழைய மரம் போதாவிட்டால், வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கூரைக்கு நல்லது. ஆனால் அனுமதி பெற்றே தறிக்கவேண்டும், தறித்த இடத்தில் பனம்விதையும் நடவேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

பழைய பொருளில் கட்டுவது வறுமையின் அடையாளம் அல்ல. கல் அறுக்கும் கூலியும் மரம் இழைக்கும் கூலியும் ஊரிலேயே தங்கும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பிரதேச சபைகளும் ஒரு பழைய கட்டடத்தை இடிக்குமுன், அதில் மீண்டும் பயன்படக்கூடியவற்றைப் பட்டியலிட்டு, புதிய கட்டடத்தின் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும்.