கையால் நிரப்பிய ரவையும் வெடித்துச் சிதறும் துவக்கும்

ரவையின் பித்தளைக் கோதின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடியான பிறைமரைத் துவக்கின் ஊசி தட்டியதும் கோதுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு சன்னத்தை முன்னே தள்ளுவதோடு கோதையும் குழலின் சுவரையும் சேர்த்தே நெருக்குகிறது. அமெரிக்கத் தர நிர்ணயப்படி 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ரவைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல். சாதாரண 12 போர் சொட்கன் தோட்டாவுக்கு அது 11,500 இறாத்தல். கார் ரயரில் இருப்பதோ ஏறத்தாழ 30 இறாத்தல்தான்.

சன்னத்தின் எடை கூடினால் இந்தக் கணக்கு மாறிவிடும். 9 மில்லிமீற்றர் சன்னம் வழக்கமாக 115 கிரெய்ன், அதாவது ஏழரைக் கிராம் அளவில் இருக்கும். கனமான வகை 147 கிரெய்ன், ஒன்பதரைக் கிராம். கனத்த சன்னம் மெதுவாகவே நகரத் தொடங்கும். நீளமும் கூடியதால் கோதுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கு மிஞ்சும் இடத்தைக் குறைக்கும். மருந்தோ அழுத்தம் ஏற ஏற இன்னும் விரைவாக எரியும். ஆகவே சிறிய மாற்றமும் அழுத்தத்தைப் பெரிதாக உயர்த்திவிடும்.

சுட்ட கோது காட்டும் அடையாளங்கள்

கையால் ரவை நிரப்புவது சட்டப்படி நடக்கும் நாடுகளில், சுட்ட கோதைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். அழுத்தம் மிஞ்சியிருந்தால், உருண்டையாக இருக்கவேண்டிய பிறைமரின் ஓரம் தட்டையாகிக் கோதின் அடியோடு ஒட்டிக் கிடக்கும். ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்பியிருக்கும். கோதின் அடிப்பகுதி புடைக்கும், அல்லது வெடிக்கும். கோது வழமையைவிடத் தூரமாகத் தெறித்து விழும்.

பிஸ்டலைப் பொறுத்தவரை இந்த அடையாளங்களை நம்பமுடியாது. பிறைமரும் பித்தளையும் உருக்குலையத் தொடங்கும் அழுத்தம் பல பிஸ்டல்களின் எல்லையைவிட மிக உயர்ந்தது. .45 பிஸ்டல் ரவையின் எல்லை 21,000 இறாத்தல் மட்டுமே. அதை வெகுவாகத் தாண்டிய பின்னும் கோது பழுதில்லாமல் தெரியலாம். மெல்லிய உலோகத்தாலான பிறைமர் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகிவிடுவதும் உண்டு. உண்மையான அழுத்தத்தைச் சொல்வது ஆய்வுகூடக் கருவிகள்தான். ஐரோப்பிய முறையில் விற்பனைக்கு முன் பிஸ்டல்கள் உச்ச எல்லையைவிட 30 சதவீதம் கூடிய அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கப்படுகின்றன.

இடியனும் பழைய ரவையும்

இலங்கையின் வடக்கில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வன்னியில் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் பயன்படும் இடியன் துவக்கில் மருந்தும் சன்னமும் குழல்வாய் வழியாகவே இடித்து நிரப்பப்படுகின்றன. அதில் கோது இல்லை; பார்ப்பதற்கு அடையாளமும் இல்லை. குழலை எவரும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. மருந்து கைக்கணக்கில் விழுகிறது. அளவு மீறியதைக் காட்டும் முதல் அடையாளம் குழல் பிளப்பதாகவே இருக்கலாம்; அப்போது கண்ணும் கைவிரல்களும் அதற்கு மிக அருகில் இருக்கும். விலங்குக்காகப் பாதையில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கோ, விறகுக்கும் தேனுக்கும் போகிறவரையும் சுட்டுவிடும்.

யுத்தம் விட்டுச்சென்ற ரவைகள் இன்னொரு ஆபத்து. பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டகாலம் நடந்துவருகிறது. இத்தகைய நிலத்தில் கிடக்கும் ரவையில் வெப்பமும் ஈரமும் மருந்தின் தன்மையை மாற்றிவிடுகின்றன. உப்புக் காற்று கோதை அரிக்கிறது. அதன் மருந்து எரியாமல் விடலாம், எல்லை மீறியும் எரியலாம். பித்தளைக்காகவோ மருந்துக்காகவோ அதை உடைப்பவருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

சட்டம்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். தானியங்கித் துவக்குகள் தொடர்பான குற்றங்களுக்கு 1996ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. வெடிமருந்து தயாரிப்பையும் களஞ்சியப்படுத்தலையும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பயிர்க்காவலுக்குச் சொட்கன் தேவைப்படும் விவசாயி மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். தற்பாதுகாப்புப் பிஸ்டலுக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு.

பரிகாரம்

காணியிலோ கிணற்றிலோ ரவை, செல், கைக்குண்டு எதைக் கண்டாலும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, குப்பையோடு எரிக்கக்கூடாது. வந்த வழியே திரும்பி, தூரத்திலிருந்து தெரியக்கூடிய அடையாளம் ஒன்றை வைத்து, பொலிஸின் 119 இலக்கத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்கவேண்டும். பிள்ளைகளை அப்பக்கம் போகவிடக்கூடாது.

துவக்கு வெடித்துக் காயப்பட்டால் இரத்தம் வரும் இடத்தைத் துப்புரவான துணியால் அழுத்திப் பிடிக்கவேண்டும். கண்ணைக் கசக்கவோ அதில் குத்தியிருப்பதை இழுக்கவோ கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்; அரச வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசம். பொலிஸுக்குப் பயந்து காயத்தை மறைப்பது பார்வையையோ கையையோ இழக்கச் செய்யலாம். சட்டவிரோதத் துவக்கால் வந்த காயம் என்றாலும் சிகிச்சை பெறும் உரிமை குறையாது.

கைதுசெய்யப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தை அறிவிக்கவேண்டும் என்றும், சட்டப்படி நீதிபதி முன் கொண்டுசெல்லவேண்டும் என்றும் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்த உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். சட்டத்தரணிக்குப் பணம் கட்ட இயலாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.