இடை சிறுத்த எழுத்து

1950இல் ஃபிளாரன்ஸுக்குப் போன ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃபை, சான்டா குரோச்சே தேவாலயத்தின் தரை நிறுத்திவிட்டது. அங்கே தரையில் பதித்திருப்பவை கல்லறைப் பலகைகள். சிலவற்றில் பொறித்திருந்த எழுத்துகளை உடனே வரைந்துகொள்ள வேண்டும், காகிதம் இல்லை. கையிலிருந்த 1000 லிரா நோட்டிலேயே வரைந்தார். ‘ஆப்டிமா’ எழுத்துருவின் முதல் கோடுகள் விழுந்தது பணத்தாளில்.

டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துகளின் முனைகளில் சின்னப் பாதம் இருக்கும், அதுதான் செரிஃப். ஏரியலில் பாதமும் கிடையாது, கோடும் ஏறக்குறைய ஒரே தடிமன். ஆப்டிமா இரண்டிலும் சேராது. பாதம் இல்லை, ஆனால் பட்டை நிப்பால் எழுதியதுபோல் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுகிறது. நிமிர்ந்த கோட்டை உற்றுப் பாருங்கள், அது நேர்க்கோடே அல்ல. நடுவில் மயிரிழை ஒடுங்கி, இரு முனையிலும் லேசாக விரிகிறது, உடுக்கையை இழுத்து நீட்டியதுபோல. அச்சு மை மூலைகளை மழுக்கிவிடும். விரிந்த முனை அதை ஈடுகட்டுகிறது.

சாஃப் இதைத் தலைப்புகளுக்கென்றே நினைத்திருந்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மன்றோ வீலர் சொன்ன பிறகுதான் புத்தகத்துக்கும் ஏற்றதாக மாற்றினார். 1958இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பல் வார்ப்பகம் வெளியிட்டது. ‘ஆப்டிமா’ விற்பனைப் பிரிவு வைத்த பெயர். ‘மிகச் சிறந்தது’ என்று தன் படைப்புக்கே பெயரா என்று சாஃபுக்குக் கூச்சம்.

அந்த மயிரிழை ஒடுக்கத்துக்குக் கணினிக் காலத்தில் சோதனை வந்தது. 10 பாயின்ட் அளவில் நிமிர்கோட்டின் அகலம் சுமார் 0.3 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி வைக்கும் பழைய லேசர் பிரிண்டரின் ஒரு புள்ளியோ 0.085 மி.மீ. கோடு முழுதுக்குமே மூன்று நான்கு புள்ளிதான். ஒடுக்கம் ஒரு புள்ளிக்கும் குறைவு. அரைப் புள்ளி வைக்க வழியில்லை. ஒன்று கோடு விறைத்து நேராகும், அல்லது படிக்கட்டாகும். சாய்வெழுத்து இன்னொரு குறை: நேரெழுத்தையே சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். 2002இல் அகிரா கோபயாஷியுடன் சேர்ந்து சாஃப் உருவாக்கிய ‘ஆப்டிமா நோவா’வில்தான் அது சரியானது.

அழகுசாதனப் பெட்டிகளுக்கு இந்த எழுத்து பொருந்தும். 2008 அமெரிக்கத் தேர்தலில் ஜான் மெக்கெய்ன் தரப்பும் இதையே பயன்படுத்தியது; மேடைக்கு இது கொஞ்சம் மென்மை என்பேன். இதன் இடம் கல்தான். வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில், கறுப்புக் கிரானைட்டில், 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் ஆப்டிமாவில் இருக்கின்றன. கல்லில் புள்ளிக்கணக்கு கிடையாது.

மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஆப்டிமாவில் ஆங்கிலப் பெரிய ‘ஐ’ ஒன்றைத் தட்டி, திரை நிறையும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஓர் அடிக்கோலை வைத்தால் நடுவில் இடைவெளி தெரியும்.