கம்ப்யூட்டர் மூன்று, ஸ்கேனர் ஒன்று: எல்லோரும் பகிர்ந்துகொள்வது எப்படி?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என மூன்று மலைகள். மூன்றையும் ஒரே மதில் வளைத்து இணைத்திருப்பதுதான் செஞ்சிக் கோட்டையின் பலம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் மூன்று உண்டு, மூன்று கம்ப்யூட்டர்கள். ஆனால், ஒன்றையொன்று இணைக்கும் மதில் இல்லை.

ஸ்கேனரின் ஒயர் முதல் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறது. ஆலம்பூண்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பட்டா மாறுதலுக்காக, மஞ்சள் பையிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் ஓடி வந்த மாணவி சாதிச் சான்றிதழோடு காத்திருக்கிறாள். பெரியவரின் 14 பக்கப் பத்திரம் முடியும்வரை அவளுக்கு ஸ்கேனர் கிடையாது. கிடைத்த பிறகும், ஃபைலை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது கம்ப்யூட்டருக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் ஒருவருடைய பத்திரம் இன்னொருவருடைய விண்ணப்பத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும்?

இன்னும் இரண்டு ஸ்கேனர் வாங்குவதுதான் தீர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். அவசியமே இல்லை.

பிரின்டர் கேட்கும், ஸ்கேனர் ஏன் கேட்காது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிரின்டரைப் பகிர்வது சுலபம். ‘ஷேர்’ என்று ஒரு டிக் அடித்தால் பக்கத்துக் கம்ப்யூட்டர்களும் அதில் பிரின்ட் கொடுக்கலாம். ஆனால், யூஎஸ்பி ஒயரில் மாட்டிய ஸ்கேனருக்கு அப்படியொரு டிக் கிடையாது. கடைக்காரர்கள் தேடித் தேடிச் சலித்துப்போவது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிமையானது. பிரின்டருக்குப் போவது ஒருவழிப் பயணம். ‘இதை அச்சடி’ என்று அனுப்பிவிட்டால், அது வரிசையில் நின்று தன் முறை வரும்போது அச்சாகும். ஸ்கேனருடன் நடப்பதோ உரையாடல். கலரா, கறுப்பு வெள்ளையா, எத்தனை டிபிஐ, எந்தப் பகுதி என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஸ்கேனர் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். யூஎஸ்பி ஒயரில் அந்த உரையாடல் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும்தான். தவிர, யாராவது எழுந்துபோய்க் காகிதத்தை வைத்தால்தான் வேலையே நடக்கும்.

திரும்பி வரும் படமும் சிறியதல்ல. ஓர் ஏ4 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். சுருக்காமல் கலரில் வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி. 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர் முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். கிர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம் அது. நீளத்தில் 176, அகலத்தில் 176 புள்ளிகள்தான்!

வழி 1: ஸ்கேனரை விடுங்கள், ஃபோல்டரைப் பகிருங்கள்

செலவே இல்லாத வழி இதுதான். மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே வைஃபை அல்லது ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும். ஸ்கேனர் மாட்டிய கம்ப்யூட்டரில் ‘ஸ்கேன்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் ‘ஷேரிங்’ போய்ப் பகிர வேண்டும். ஸ்கேன் மென்பொருளின் செட்டிங்ஸில், ஃபைல்கள் அந்த ஃபோல்டரிலேயே சேமிக்கப்படும்படி வைக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஆனதும், மூன்றாவது கம்ப்யூட்டரில் மாணவியின் சான்றிதழ் தயாராக இருக்கும். பென் டிரைவ் ஓட்டம் இல்லை. அதன்வழி பரவும் வைரஸும் இல்லை.

வழி 2: நெட்வொர்க்கில் நிற்கும் ஸ்கேனர்

புதிதாக வாங்குவதென்றால், வைஃபை அல்லது லேன் ஒயர் வசதியுள்ள ஆல்-இன்-ஒன் இயந்திரமே நல்லது. இது எந்தக் கம்ப்யூட்டருக்கும் அடிமை இல்லை. ரவுட்டரில் தனியாக நிற்கும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் கூப்பிடலாம். யூஎஸ்பி ஒயர் 5 மீட்டருக்கு மேல் போனால் சிக்கல்; லேன் ஒயர் 100 மீட்டர் வரை போகும்.

வாங்கும்போது ‘ஈஎஸ்சிஎல்’ அல்லது ‘மாப்ரியா ஸ்கேன்’ வசதி உண்டா என்று கேட்பது நல்லது. இருந்தால் விண்டோஸ் 11-லும் மேக்கிலும் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் மாப்ரியாவின் ஸ்கேன் ஆப் வழியாக நேரடியாக ஸ்கேன் செய்யலாம்.

பழைய பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களில் ‘ஸ்கேன் டு ஃபோல்டர்’ இருக்கும். ஆனால், புதிய கம்ப்யூட்டரோடு சேராமல் அடம்பிடிக்கும். அவற்றில் சில ‘எஸ்எம்பி 1’ என்ற பழைய மொழியை மட்டுமே பேசுவதுதான் காரணம். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை வைரஸ் நுழைந்த வாசல் அது. அதன் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளில் அந்த வாசல் மூடியே வருகிறது. ஒரு ஸ்கேனுக்காக அதைத் திறந்துவிடுவது ஆபத்து. அந்த இயந்திரத்திலேயே ‘எஃப்டிபி’ அல்லது ‘ஸ்கேன் டு இ-மெயில்’ இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

வழி 3: பழைய கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு

மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால், ‘சேன்’ என்ற இலவச மென்பொருள் கிடைக்கும். யூஎஸ்பி ஸ்கேனரை நிஜமாகவே நெட்வொர்க்கில் பகிர்வது இதுதான். மற்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் அந்த ஸ்கேனரைத் தங்களுடையது போலவே பயன்படுத்தலாம். விண்டோஸிலிருந்து கூப்பிட மட்டும் கூடுதல் மென்பொருள் தேவை. கொஞ்சம் தெரிந்தவர் துணை இருந்தால் முயன்று பார்க்கலாம். உங்கள் ஸ்கேனர் மாடல் சேன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டே கம்ப்யூட்டர், அதுவும் அருகருகே என்றால் இத்தனை வேலையும் வேண்டாம். யூஎஸ்பி ஷேரிங் ஸ்விட்ச் என்ற சின்னப் பெட்டி போதும். பட்டனை அழுத்தினால் ஸ்கேனர் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறிவிடும்.

நேற்று இருந்தது, இன்று காணோம்!

நெட்வொர்க் ஸ்கேனரில் அடிக்கடி வரும் புகார் இது. கரன்ட் போய் வந்ததும் ரவுட்டர், ஸ்கேனருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். கம்ப்யூட்டரோ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் ஸ்கேனருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட்டால் பிரச்னை தீரும். ஸ்கேனர் ஒரு வைஃபையிலும் கம்ப்யூட்டர் ‘கெஸ்ட்’ வைஃபையிலும் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தெரியாது.

வாசலுக்குப் பூட்டு வேண்டாமா?

வசதி வந்ததும் மறந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ‘ஸ்கேன்’ ஃபோல்டரில் மாலைக்குள் ஊர்க்காரர்கள் பாதிப் பேரின் ஆதார், பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாம் சேர்ந்துவிடும். ‘எவ்ரிஒன்’ என்று போட்டுப் பகிர்ந்திருந்தால், அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்க வழி ஏற்படும்.

அதனால் ஃபோல்டருக்கு யூசர் நேம், பாஸ்வேர்டு கட்டாயம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை தனி, கடை வைஃபை தனி. ஃபைலுக்கு ‘ஸ்கேன் 001’ என்று விடாமல், டோக்கன் எண்ணைப் பெயராக வைத்தால் மாறிப்போகாது. கடையைப் பூட்டும் முன் அன்றைய ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும் என்கிற இடங்களில் அதையே கொடுக்கலாம்.

வீட்டிலும் இதே கணக்குதான். அப்பாவின் லேப்டாப், பிள்ளையின் கம்ப்யூட்டர், அம்மாவின் போன் மூன்றுக்கும் ஒரு ஸ்கேனர் தாராளம்.

கடைசியாக, எந்த நெட்வொர்க்கும் செய்து தராத ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஸ்கேனர் மூடியைத் திறந்து, பெரியவரின் ஒரிஜினல் பத்திரத்தை எடுத்து, 14 பக்கமும் சரியாக இருக்கிறதா என்று எண்ணி, அவர் மஞ்சள் பைக்குள் போகும்வரை பார்த்து அனுப்புவது. அதைக் கடைக்காரர்தான் செய்ய வேண்டும்.