களிமண் மணியும் கழுத்து மாலையும்

'பொன்னும் மணியும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது நம் வழக்கம். மணி என்றவுடன் முத்தும் பவழமும் மாணிக்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தங்கம் வாங்க வகையில்லாதவரும் ஆசையோடு அணிந்துகொண்ட மணி ஒன்று உண்டு. அதுதான் சுடுமண் மணி. 2015-ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கிய கீழடியில் சூதுபவள மணிகளோடும் கண்ணாடி மணிகளோடும் சுடுமண் மணிகளும் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வைகைக் கரை ஈரத்தில் கிடந்தவை அவை. கோர்த்த நூல் மக்கிப் போயிற்று. அணிந்த கழுத்தும் மண்ணாயிற்று. மண் மணியோ மண்ணாகவில்லை. இது எப்படி? மண்ணால் செய்த பொருள் மண்ணிலேயே கிடந்தும் கரையாதிருப்பானேன்? கைவினை வகுப்பில் மணி உருட்டத் தொடங்கிய நாள் முதல் எங்களுக்கு இருந்த கேள்வி இது. இதற்கு விடை தெரிந்தால் மணி செய்யும் வித்தையில் பாதி தெரிந்தது போலாகும்.

முதலில் மண். குளத்தடி வண்டல், செங்கல் சூளைக்காரர் எடுக்கும் களிமண், குயவர் பதப்படுத்தி வைத்திருக்கும் மண் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் நன்றே. குயவரிடம் வாங்குவதே மேல் என்போம். ஏனெனில் அவர் கை அறிந்தது நம் கை அறிய ஆண்டுகள் பல ஆகும். மண்ணை உலர்த்தி, இடித்து, நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பானைக்குச் சிறு கல் தீங்கு செய்யாமலிருக்கலாம். பட்டாணி அளவு மணிக்குள் கடுகளவு கல் இருந்தாலும் அது பாறைதான். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைத் துணி விரித்த செங்கற்களின் மேல் கொட்டினால், செங்கல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஒட்டாத பதம் வந்தபின் சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றிச் சில நாள் வைத்தால் மண் இன்னும் இளகி, சொன்னபடி கேட்கும்.

அடுத்து உருட்டுதல். ஒரே அளவான ஐம்பது மணிகள் உருட்டுவது எப்படி? கண்மதிப்பில் கிள்ளிக் கிள்ளி உருட்டினால் ஒன்று நெல்லிக்காயாகவும் ஒன்று சுண்டைக்காயாகவும் அமையும். இங்கே நமக்குக் கை கொடுப்பவர் கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ். ஓர் உருளைக்குள் கச்சிதமாக அடங்கும் கோளத்தின் கன அளவு, அந்த உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டவர் அவர். ஆகவே மண்ணை 12 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக உருட்டி, அளவுகோலை அருகில் வைத்து, 8 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக வெட்டிக்கொண்டால், ஒவ்வொரு துண்டும் 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகும். திரியின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், அவ்வளவே கணக்கு. ஆர்க்கிமிடீஸ் இக்கண்டுபிடிப்பைப் பெரிதாக மதித்துத் தம் கல்லறையில் அவ்வுருவத்தைப் பொறிக்கச் சொன்னாராம். களிமண் திரியை வெட்டுகையில்தான் அந்தப் பெருமை எங்களுக்கும் விளங்கிற்று!

உருட்டிய மணியின் மேல் கோலமிடுவது அவரவர் மனம் போல. ஊசி நுனியால் புள்ளி குத்தலாம். சீப்பின் பல்லால் வரி இழுக்கலாம். கொய்யா இலையின் நரம்பையோ பனையோலை முடைப்பையோ அழுத்தி எடுக்கலாம். நெல்மணி ஒன்றைப் பலமுறை பதித்தால் அழகிய பூ வேலைப்பாடாகிவிடும். எதுவுமின்றி, மணி பாதி உலர்ந்திருக்கும்போது கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவதே எங்களுக்கு மிகப் பிடித்தது. எண்ணெய் தடவியது போன்ற அந்த மினுமினுப்பு சுட்ட பின்னும் நிற்கும்.

துளையிடுதல் சிறு வேலை போலத் தோன்றும். ஆனால் மணிக்கு உயிர்நாடி அதுவே. துளையில்லாவிட்டால் அது கோலிக் குண்டு. மண் மிக ஈரமாயிருந்தால் குத்தும்போது நசுங்கும். மிக உலர்ந்திருந்தால் பிளக்கும். விரலால் அழுத்தினால் தடம் பதியாத, ஆனால் நகம் கீறும் பதமே ஏற்றது. தென்னை ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி, ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை திருகிச் செலுத்தி, வெளியே எடுத்து, மறுபக்கத்திலிருந்தும் அவ்வாறே செலுத்த வேண்டும். ஒரே மூச்சில் குத்தினால் மறுபுறம் மண் பிதுங்கும். அந்தப் பிசிறு பின்னாளில் நூலை அறுக்கும். குச்சியை மணிக்குள்ளேயே விட்டு உலர்த்தவும் கூடாது. மண் சுருங்கும், குச்சி சுருங்காது. முடிவு வெடிப்புத்தான். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: மண் சுருங்கும்போது துளை அகலும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று, மணியோடு துளையும் சேர்ந்தே சுருங்கும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் மொத்த அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், நூலுக்கு வேண்டியதைவிடச் சற்றுப் பெரிய துளையே இட வேண்டும்.

இனி உலர்த்துதல். இங்கேதான் அவசரக்காரிகள் தோற்பார்கள். வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் நிற்கும். மேற்புறம் இழுக்க, உட்புறம் மறுக்க, மணி விரியும். நிழலில் துணி மூடி, நாள்தோறும் புரட்டி, நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். உலர்ந்ததா என்றறியக் குயவர் வழி ஒன்றுண்டு. மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

கன்னம் சொல்வதை நம்பாமல் அடுப்பிலிட்டால் என்ன ஆகும்? நீர் நூறு டிகிரி சூட்டில் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். இறுகிய மண்ணுக்குள் அதற்கு இடம் ஏது? பட்டாசு போல் வெடித்து, அண்டையிலுள்ள நல்ல மணிகளையும் உடைத்துவிடும். ஆகவே தொடக்கத்தில் தணல் மெல்லியதாகவே இருக்க வேண்டும்.

கையில் பிசுபிசுக்கும் நீர் போன பின்னும் மண்ணுக்குள் இன்னொரு நீர் இருக்கிறது. அது களிமண்ணின் அணுக்களோடு பிணைந்து அதன் உடம்பாகவே இருப்பது. வெயில் எத்தனை நாள் அடித்தாலும் அது போகாது. அதனால்தான் வெயிலில் மட்டும் காய்ந்த பொம்மை மழையில் கரைந்து மறுபடியும் சேறாகிறது. சுமார் 450 முதல் 600 டிகிரி வரை சூடேறும்போதே இந்த இரண்டாவது நீர் பிரிகிறது. அதன்பின் அது களிமண்ணே அன்று. எத்தனை நீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னும் ஏறி 700, 800 டிகிரியைத் தாண்டும்போது துகள்கள் ஒன்றோடொன்று பற்றி இறுகுகின்றன. கீழடி மணி கரையாத காரணம் இதுவே.

வீட்டில் மின்சூளை இல்லையே என்று கலங்க வேண்டாம். பழைய மண்பானை ஒன்றில் உமி பரப்பி, மணிகளை அதில் புதைத்து, மூடி, சுற்றிலும் வரட்டி அடுக்கி எரிப்பது எளிய முறை. பெரியவர் துணையின்றி இதனைச் செய்தல் கூடாது. தீ மெல்லத் தொடங்கி மெல்ல ஓங்க வேண்டும். தணிந்தபின் பானை தானாக ஆறும்வரை திறத்தலாகாது. இரவு முழுவதும் காத்திருப்பது கடினம்தான்! திறந்தால் ஒரு வியப்பு: ஒரே மண்ணில் செய்த மணிகளுள் சில சிவந்தும் சில கறுத்தும் இருக்கும். மண்ணிலுள்ள இரும்பு, காற்று தாராளமாகக் கிடைத்த இடத்தில் சிவப்பாகிறது. உமி புகைந்து காற்று தட்டுப்பட்ட இடத்தில் கரி படிந்து மணி கறுக்கிறது. பழந்தமிழ் ஊர்களின் அகழாய்வுகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களின் இரகசியமும் ஏறக்குறைய இதுவே. எனவே சாயமே வாங்காமல் இரு நிற மாலை கட்டலாம்.

நீலமும் பச்சையும் வேண்டுவோர்க்குக் கண்ணாடி மெருகு உண்டு. மணல், சாம்பற்சத்து, உலோக உப்பு முதலியன உருகி மணியின் மேல் மெல்லிய கண்ணாடித் தோலாகப் படிவதே அது. பழைய எகிப்தியர் இதை நூதனமாகச் செய்தனர். நொறுக்கிய வெண்கல் தூளோடு சிறிது சுண்ணாம்பும் சாம்பலுப்பும் செம்புத் தூளும் பிசைந்து மணி செய்வர். மழைக்காலம் கழிந்ததும் செங்கற் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே மணி உலர உலர உப்பு மேற்புறத்தில் பூக்கும். சூளையில் அதுவே உருகி நீலப் பளபளப்பாகும். 'ஃபயான்ஸ்' எனப்படும் இதனைச் சிந்துவெளி மக்களும் அறிந்திருந்தனர். இக்காலத்தில் மெருகுத் தூளைக் கடையிலேயே வாங்கலாம். ஈயம் கலவாததா என்று கேட்டே வாங்க வேண்டும். மெருகிட்ட மணி சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் ஆகையால், சூட்டுக்கு அசையாத நிக்ரோம் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டுச் சுடுவர்.

சுட்ட மணிக்குப் பொன் வண்ணம் பூசித் தங்கம் போல் காட்டும் வழக்கம் கடைகளில் மிகுந்து வருகிறது. எங்களுக்கு அது ஒப்பவில்லை. மண்ணின் சிவப்பு நம் நாட்டுப் பெண்களின் மேனி நிறத்தோடு எத்தனை இசைவாக இருக்கிறது! அதற்கு வேடம் எதற்கு?

மணி ஆயிற்று, மாலை ஆக வேண்டாமா? மாலை அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது அழகன்று, எடை. ஒரு சென்டிமீட்டர் சுடுமண் மணி ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் மணியோ 2 கிராம் அன்று, 8 கிராம்! குறுக்களவு இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. 45 சென்டிமீட்டர் மாலை சிறு மணியில் 45 கிராமில் முடியும். பெரு மணியில் 22 மணிக்கே 176 கிராம் ஆகிவிடும். கழுத்து நோகாதா? ஆகவே பெரியதை நடுவில் ஒன்றோ மூன்றோ வைத்து, பக்கங்களில் படிப்படியாகச் சிறிதாக்கி, பிடரிப் பக்கம் மணியே இல்லாமல் முறுக்கு நூலாக விடுவது நலம். ஜிமிக்கியை உள்ளே குடைந்து குடையாகச் செய்வதும் இதனால்தான், காதுமடல் மென்மையானதன்றோ?

மணிகளுக்கிடையே இடைவெளி விடவும் கற்க வேண்டும். இதற்கு ஜெபமாலையைவிட நல்ல பாடம் இல்லை. 53 சிறு மணிகளும் 6 பெரிய மணிகளும். பத்துக்கு ஒருமுறை இடைவெளி. இருட்டிலும் விரலே எண்ணிக்கொள்ளும். ருத்ராட்ச மாலையின் 108-ம், இசுலாமியரின் தஸ்பீஹ் மாலையின் 99-ம் இவ்வாறே விரலுக்காக அமைந்தவை. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'மன்றாட்டு' என்பதே பொருளாம். கண்ணுக்கு மட்டுமன்றி விரலுக்கும் பிடிக்கும்படி மாலையை அமைத்தால் அது அலமாரியில் கிடக்காது.

ஒவ்வொரு மணிக்குப் பின்னும் ஒரு முடிச்சிடுவது நேரம் தின்னும் வேலை. ஆயினும் செய்தே ஆக வேண்டும். மணியோடு மணி மோதி விளிம்பு உதிராது. நூல் அறுந்தாலும் ஒன்றே விழும், மாலை சிதறாது.

'இதெல்லாம் விளையாட்டா, பிழைப்பா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கென்யா நாட்டு நைரோபியை அடுத்த கேரன் என்னுமிடத்தில் 1975-ஆம் ஆண்டு சூசன் வுட் என்ற அம்மையார் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மண் மணி செய்யத் தொடங்கினார். வேலை தேடி வந்தவர்களுள் பலர் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார். சுவாகிலி மொழியில் 'சிறியது, அழகியது' எனப் பொருள்படும் 'கசூரி' என்று பெயர் பெற்ற அந்தப் பட்டறை வளர்ந்து நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஊதியம் தந்தது. அவர்கள் கையால் உருட்டிய மணிகள் வெளிநாடுகளில் விலைபோயின. அங்கும் மண் மலிவுதான். விலையாவது உருட்டிய கையும், பொறுத்திருந்த நாட்களும், ஒன்று போல் ஒன்று அமைந்த நேர்த்தியுமே. ஆகவே விலை குறிக்கும்போது மண்ணுக்கும் நூலுக்கும் ஆன காசை மட்டும் கூட்டி, உழைத்த மணிநேரத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள், தோழியரே. பெண்கள் செய்யும் வேலைக்கு இந்தக் கணக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

வாங்குவோருக்கு ஒரு சொல். நன்கு சுட்ட இரு மணிகளை மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாததோ மொத்தென்று கேட்கும். ஐயமிருந்தால் பூசாத மணி ஒன்றை இரவு முழுவதும் நீரில் போட்டு வையுங்கள். விடியும்போது அடியில் சேறு தங்கியிருந்தால் அது வெயிலில் மட்டும் காய்ந்தது. வாங்கிய மாலையை வாசனைத் தைலம் படாமல், தனியே பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை நூலை மாற்றிக் கோர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஆயுள் நீண்டது, நூலுக்குத்தான் குறைவு.