டெக் மொழியும் மேக்ரோவும்

கணித நூலை அச்சுக் கோப்பது எளிய செயலன்று. ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், 1977-ஆம் ஆண்டில் தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்தார். அந்த வருத்தத்தில் பிறந்ததே 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மொழி. இறுதி எழுத்து கிரேக்கத்தினது. ஆதலின் 'டெக்ஸ்' என்னலாகாது.

இம்மொழியின் அடிப்படை ஆணைகள் ஏறத்தாழ 300. பின்சாய்கோட்டுடன் தொடங்கும் அவ்வாணைகளைத் தொகுத்து நாமே பெயரிட்டுக்கொள்வது மேக்ரோ. 'டெஃப்' என்னும் ஆணையை எழுதி, அடுத்துப் பெயரையும், நெளிவு அடைப்புக்குள் அதன் விரிவையும் தருக. அப்பெயர் வருமிடமெல்லாம் டெக் அவ்விரிவை வைத்துவிடும்.

'தேற்றம்' என்னும் தலைப்பு ஒரு நூலில் 200 இடங்களில் தடித்த எழுத்தில் வருகிறதென்க. அதனைச் சாய்வெழுத்தாக்க வேண்டின், மேக்ரோவில் ஒரு வரியை மாற்றினாற் போதும். இடத்துக்கு இடம் வேறுபடும் தேற்ற எண்ணுக்கும் விரிவுக்குள் ஓர் இடம் ஒதுக்கலாம். ஒரு மேக்ரோவில் இவ்வாறு ஒன்பது இடங்கள் வரை அமையும். லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் ஆக்கிய 'லாடெக்' இத்தகைய மேக்ரோக்களின் பெருந்தொகுப்பேயாகும்.

மாணவர் பலர் மேக்ரோவைக் கணக்கிடும் செயலென மயங்குகின்றனர். அன்று, அது பெயருக்கு ஈடாக விரிவை வைப்பது மட்டுமே. புதியோரை மிகவும் அலைக்கழிப்பது இடைவெளி என்பேன். எழுத்துகளால் ஆன ஆணைப் பெயரை அடுத்த இடைவெளியை, பெயர் முடிந்ததற்கு அடையாளமாகக் கொண்டு டெக் விழுங்கிவிடும். அச்சில் இரு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். பெயரின் பின் வெற்று அடைப்பு ஒன்றை இட்டால் ஒட்டா.