“பரவாயில்லை சாமி” – மனநிறைவா, பழகிப்போன பொறுமையா?

வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்று, டிக்கட் வெட்டி லயத்துக்குத் திரும்பியவர்களிடம் “எப்படிக் கவனித்தார்கள்?” என்று கேட்டால், டயகமப் பகுதியில் நாம் அதிகம் கேட்கும் பதில் “பரவாயில்லை சாமி” என்பதே. சற்று நேரம் இருந்து பேசினால் மற்றவை வெளிவரும். என்ன நோய் என்று விளங்கவில்லை. எழுதித் தந்த துண்டை வாசிக்க முடியவில்லை. மாத்திரையை எத்தனை நாளைக்குக் குடிப்பது என்று தெரியவில்லை. ஆயினும், பரவாயில்லை!

இதை மனநிறைவு என்று கணக்கெழுதலாமா? நிறைவு என்பது கிடைத்ததை மட்டும் பொறுத்ததல்ல, எதிர்பார்த்ததையும் பொறுத்தது. ஒன்றையும் எதிர்பாராதவர் எதைக் கொடுத்தாலும் நிறைவடைவார். ஆகவே, நோயாளர் முறையிடவில்லை என்பது சிகிச்சை சிறந்தது என்பதற்குச் சான்றாகாது.

எமது மக்களின் எதிர்பார்ப்பு ஏன் இவ்வளவு சிறுத்தது? 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொழிலாளரின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பாயிற்று. வேலை கொடுத்தவரே மருந்தும் கொடுத்தார். அங்கே மருந்து உரிமையாக அல்ல, தயவாகவே தெரிந்தது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டபோதும், தோட்ட வைத்தியம் தனி வழியிலேயே சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது தொண்ணூறுகளிலேதான். கட்டடம் கைமாறியது, கைகட்டி நிற்கும் பழக்கம் இன்னும் மாறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நோய் குணமாவதோடு மனிதர் நடத்தப்படும் விதத்தையும் அளவுகோலாக்கியது. மரியாதை, இரகசியம் காத்தல், தன் சிகிச்சை பற்றிய முடிவில் பங்கு, தாமதமற்ற கவனிப்பு, சுத்தமான இடம், உறவினரின் துணை என்பன அதில் அடங்கும். இவை பணக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல.

மொழியும் அப்படியே. நுவரெலியா மாவட்டத்தில் தமிழிலும் அரச கருமம் ஆற்றப்பட வேண்டுமென 1999இல் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. எனவே தமிழில் விளக்கம் கேட்பது அடாவடி அல்ல. அது மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

போரினாலும் மண்சரிவினாலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியினாலும் காணியையும் வீட்டையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. புதிய இடத்து வைத்தியருக்கு உங்கள் பழைய நோய் தெரியாது. கிளினிக் கொப்பியையும் பழைய துண்டுகளையும் அடையாள அட்டையோடு ஒரே பையில், நனையாமல் வைத்திருங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாட்டிலிருந்து வெளியேறுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. எனக்கு வந்த நோய் என்ன?
2. இந்த மருந்தை எப்போது, எத்தனை நாளைக்கு எடுக்க வேண்டும்?
3. என்ன அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்?
4. அடுத்த கிளினிக் எந்த நாள்?

இவற்றுக்குப் பதில் தெரியாமல் போனவர் மாத்திரையை இடையில் நிறுத்துகிறார். வருத்தம் முற்றிய பிறகே மீண்டும் வருகிறார். அக்கரப்பத்தனையைத் தாண்டி மலையின் விளிம்பில் இருக்கும் டயகமவிலிருந்து நுவரெலியா பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் தூரத்தில், அந்தத் தாமதம் உயிரையும் கேட்கலாம்.

தாதியரையும் வைத்தியரையும் எதிரிகளாக்குவது எமது நோக்கமல்ல. ஆளணி குறைந்த இடத்தில் இரவு பகலாக உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் நோயாளர் வாய் திறக்காவிட்டால் அந்தக் குறையும் மேலிடத்துக்குத் தெரியாமலே போகும். ஆகவே தனித்தனியே முணுமுணுக்காமல், மாதர் சங்கத்திலோ சிறு குழுவிலோ கூடிப் பேசுங்கள். நல்லதையும் குறையையும் எழுதுங்கள். இரண்டு மூன்று பேராகச் சென்று வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடம் மரியாதையாகக் கையளியுங்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றியும் சொல்லுங்கள்.

எரிகோ வீதியோரம் இருந்த பார்வையற்ற பர்த்திமேயு அழைத்தபோது, கூட்டம் அவரை அதட்டி அடக்கியது. அவர் அடங்கவில்லை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். இயேசுவோ நின்று, அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேட்டார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்துக்கே தெரியும். இருந்தும் ஆண்டவர் கேட்டார். பர்த்திமேயு தன் வாயாலேயே சொன்னார். நாமும் சொல்லப் பழகுவோம்.